பில்லில் புது டப்பட் கவர் பெக்கிங், எஞ்சினில் பழையது: கழுவிக் கெடுத்த காருக்கு என்ன பதில்?

கிளை முகாமையாளர் அவர்களுக்கு,
யாழ்ப்பாணம்.

வணக்கம். உங்கள் சேர்விஸ் நிலையத்தில் என் டொயோட்டா கொரோலா 121 காருக்கு வேலை செய்வித்த பில்லின் பிரதியையும் பிறகு எடுத்த படங்களையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். போனில் கதைத்தபோது "கொண்டு வாங்கோ அண்ணை, பார்ப்பம்" என்றீர்கள். கொண்டு வந்தேன். பொனற்றைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு "பழைய கார்தானே, இப்பிடித்தான் ஏதாவது வரும்" என்று உங்கள் ஆள் சொல்லி அனுப்பிவிட்டார். அதனால்தான் எழுத்தில் தருகிறேன், பதிலும் எழுத்திலேயே வேண்டும்.

நான் கொண்டு வந்த பிரச்சினை சின்னது. சிக்னலில் நின்றால் எரிந்த ஒயில் மணம், சில நேரம் பொனற் இடுக்கால் மெல்லிய புகை. எஞ்சினின் மேல் மூடியான டப்பட் கவரின் பின்பக்கத்தால் ஒயில் கசிந்து, கீழே சூட்டோடு இருக்கும் எக்ஸோஸ்ட் மனிபோல்டில் (புகை வெளியேறும் குழாயில்) விழுகிறது, மூடியை அடைக்கிற றப்பர் பெக்கிங்கை மாற்ற வேண்டும் என்று உங்கள் மெக்கானிக்கே ரோச் அடித்துக் காட்டினார். அது சரியான முடிவு, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சூடான மனிபோல்டில் ஒயில் சொட்டுவது மணத்தோடு முடியாது, தீப்பிடிக்கவும் கூடும் என்பதால் உடனே செய்யுங்கள் என்றேன்.

பின்னேரம் காரை எடுக்க வந்தபோது எஞ்சின் கலியாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி மினுங்கியது. பில்லில் டப்பட் கவர் பெக்கிங் செற், பூட்டுக் கூலி, எஞ்சின் கழுவல் என்று மூன்று வரி. கழுவச் சொல்லி நான் கேட்கவே இல்லை. "ஒயில் பட்டிருந்தது, நாங்களே சுத்தமாக்கித் தந்தனாங்கள்" என்று பெருமையாகச் சொன்னார்கள். காசைக் கட்டிவிட்டுக் கிளம்பினேன்.

கைதடி தாண்டவில்லை, எஞ்சின் உதறத் தொடங்கிவிட்டது. செக் எஞ்சின் லைற் மின்னுகிறது, ஏறி மிதித்தால் இழுவை இல்லை, உள்ளே டீசல் மணம், எஞ்சின் கழுவ அடித்த டீசல். சாவகச்சேரிப் பயணத்தை விட்டுவிட்டு மெதுவாகத் திருப்பி, கொக்குவிலில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோய் விட்டேன். அவர் ஸ்கானர் போட்டார். பி 0302, பி 0303, அதாவது இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களில் மிஸ்பயர், எரிபொருள் சரியாகப் பற்றவில்லை. ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் அந்த இரண்டு கொயிலையும் கழற்றினால் பிளக் குழிக்குள் தண்ணீர் நிற்கிறது! கொயிலின் றப்பர் நுனியில் துரு வளையம், வயர் சொக்கற்றுக்குள் பல் பல்லாக வெள்ளைப் படிவு. எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர் என்று உங்களுக்குத் தெரியாதா? கேத்தலுக்குள் படிகிற அதே வெள்ளைதான் மின் இணைப்பிலும் படியும், காய்ந்தால் பிறகு லேசில் போகாது. இரண்டு கொயிலும் தேறவில்லை, புதிது வாங்க வேண்டி வந்தது. அந்தப் பில்லும் இணைப்பில் இருக்கிறது.

அப்போதும் நான் உங்களைப் பெரிதாகக் குறை நினைக்கவில்லை, கழுவும் பெடியன் தண்ணீரை வேகமாகப் பீச்சுகிற பிரஷர் கண்ணை (gun) கவனமில்லாமல் பிடித்திருப்பான் என்றுதான் நினைத்தேன். ஆனால் பின்பக்கம் மறுபடி ஒயில் ஈரம் தெரிந்தபடியால் மெக்கானிக் டப்பட் கவரைக் கழற்றினார், நானும் பக்கத்தில் நின்றேன்.

உள்ளே இருந்தது பழைய பெக்கிங். புதுப் பெக்கிங் றப்பர்தானே, விரலால் அமத்தினால் அமங்கும், மடக்கினால் மடங்கும். இதில் நகம்கூடப் பதியவில்லை, வருடக்கணக்காகச் சூடு பட்டுக் கல்லாகி இருந்தது, மெக்கானிக் இழுத்தபோது டக் என்று முறிந்தது. கவரின் தவாளிப்போடு ஒட்டிப் பழைய ஒயில் கரி அப்படியே இருக்கிறது, அதைச் சுரண்டக்கூட இல்லை. அதன் மேல் சுற்றிவரச் சாம்பல் நிறச் சிலிக்கோனை அப்பி மூடியிருக்கிறீர்கள். பிதுங்கிய சிலிக்கோன் உள்பக்கமாகப் புழுப் புழுவாகத் தொங்குகிறது, ஒரு துண்டு அறுந்து கேம் சாவ்ற்றுக்குப் பக்கத்தில் கிடந்தது. படம் 4, 5 இரண்டையும் பெரிதாக்கிப் பாருங்கள்.

சிலிக்கோனே கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்த எஞ்சினில் டைமிங் செயின் கவரும் ஹெட்டும் சந்திக்கிற இரண்டு இடத்தில் கொஞ்சம் வைக்கத்தான் வேண்டும், சேர்விஸ் புத்தகத்திலேயே இருக்கிறது. மற்ற இடமெல்லாம் றப்பர் பெக்கிங் தன் பாட்டில் அடைக்கும், இரண்டு பக்கமும் துடைத்துக் காய்ந்து இருந்தால் போதும். கண்டபடி அப்பினால் உள்ளே அறுந்து விழும் துண்டுகள் ஒயிலோடு எஞ்சினின் அடியில் ஒயில் தேங்கும் சம்ப்புக்குப் போய் ஒயில் பம்பின் வலையை அடைக்கும். வலை அடைத்தால் ஒயில் பிரஷர் விழும், எஞ்சின் பிடிக்கும், அதாவது இறுகி நின்றுவிடும். ஒயில் கசிவுக்கு வந்த காரை எஞ்சின் பிடிக்கிற நிலைக்கா கொண்டு போவது?

போல்ட்டுகளும் அப்படித்தான். இவற்றுக்குச் சொல்லப்பட்ட இறுக்கம் சுமார் 10 நியூட்டன் மீற்றர், அது கை இறுக்கத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். நடுவில் இருந்து தொடங்கி வெளிப்பக்கமாக, ஒரே மூச்சில் இல்லாமல் இரண்டு மூன்று சுற்றில் இறுக்குவார்கள். உங்களிடம் இறுக்கத்தை அளக்கிற டோர்க் றெஞ்ச் இருக்கிறதா என்று தெரியாது, என் காரில் பாவிக்கவில்லை என்று மட்டும் தெரியும். பின் மூலைப் போல்ட் இறுகாமல் சும்மா சுற்றுகிறது, அலுமினிய ஹெட்டில் புரி போய்விட்டது. கசிவு நிற்கவில்லை என்று போட்டு நெரித்திருக்கிறீர்கள். கல்லாகிப்போன றப்பரை எவ்வளவு இறுக்கினாலும் அது அடைக்காது. எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடுகிற பிசிவி வால்வை ஒருவரும் தொடவும் இல்லை. அது அடைபட்டிருந்தால் எஞ்சினுக்குள் அமுக்கம் கூடி, எவ்வளவு நல்ல பெக்கிங் போட்டாலும் ஒயிலை வெளியே தள்ளும். கொக்குவிலில் கழற்றி ஆட்டிப் பார்த்தோம், சத்தமே வரவில்லை, கரி பிடித்து இறுகிப்போய் இருந்தது.

இப்போது கழுவலுக்கு வருகிறேன், எனக்கு அதிகம் கோபம் இதில்தான். எஞ்சினைக் கழுவுவதென்றால் பெக்கிங் வேலைக்கு முதல் கழுவ வேண்டும். அப்போதுதான் கவரைத் திறக்கும்போது மண் உள்ளே விழாது, பிறகு ஓடிப் பார்த்தால் புது ஒயில் எங்கே இருந்து வருகிறது என்றும் தெரியும். நீங்கள் கவரை மூடிய பிறகு, சிலிக்கோன் காய முதல் கழுவியிருக்கிறீர்கள். ஏன் என்பது எனக்கு விளங்குகிறது. பளபளப்பாக இருந்தால் கசிவு கொஞ்ச நாளைக்குக் கண்ணில் படாது.

கழுவிய விதமும் மோசம். முதலில் எஞ்சின் ஆற வேண்டும். கொதிக்கிற மனிபோல்டில் குளிர்ந்த தண்ணீர் அடித்தால் வெடிப்பு விழக்கூடும், அதன் மேல் டீசல் பட்டால் புகையும், பற்றவும் கூடும். பற்றரியின் நெகற்றிவ்வைக் கழற்றி, அல்ரனேற்றர், கொயில்கள், பியூஸ் பெட்டி, ஏர் பில்டர் வாய் எல்லாவற்றையும் பொலித்தீனால் கட்டிவிட்டு, டிகிரீசர் அடித்துச் சில நிமிடம் ஊறவிட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, சாதாரணப் பைப்பில் மெதுவாகத் தண்ணீர் விட்டால் போதும், கடைசியில் காற்று அடித்துக் காய வைக்க வேண்டும். நீங்கள் டீசலை அடித்து, பிரஷர் கண்ணை நேரே கொயில்களின் மேல் பிடித்திருக்கிறீர்கள். டீசல் பட்ட எஞ்சின் மவுண்ட் றப்பர் ஊதிப் பழுதாகும், பெல்ட்டில் பட்டால் வழுக்கும். இதற்கு வேறு ஒரு வரி பில்.

இன்னொன்று. "பழைய கார்தானே" என்ற கதையை யாழ்ப்பாணத்தில் சொல்லாதீர்கள். தொண்ணூறுகளில் பெற்றோல் வரத்தடை இருந்த காலத்தில் கார்பரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயிலேயே ஓட்டிய ஊர் இது. பழைய ஒஸ்ரின் ஏ40 கார்களை இங்கே எத்தனை வருடம் ஓட்டினார்கள் என்று உங்கள் கராஜில் வயது போனவர்கள் யாராவது இருந்தால் கேளுங்கள்.

எனக்கு வேண்டியது இதுதான். போடாத பெக்கிங்கின் காசும் அதற்கான கூலியும் கழுவல் காசும் திரும்ப வர வேண்டும். இரண்டு கொயிலின் விலையையும் ஹெட்டில் போன புரியைத் திருத்துகிற செலவையும் நீங்கள் ஏற்க வேண்டும். சம்ப்பைக் கழற்றி வலையில் சிலிக்கோன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அந்தச் செலவும் உங்களுடையது, ஆனால் வேலை உங்களிடத்தில் நடக்காது. உங்கள் ஆள் ஒருவர் கொக்குவிலுக்கு வந்து நின்று பார்க்கலாம். புதுப் பெக்கிங்கை நானே ஸ்ரான்லி வீதியில் வாங்கிவிட்டேன், அதற்கு உங்களிடம் காசு கேட்கவில்லை.

முறிந்த பழைய பெக்கிங்கும் சிலிக்கோன் துண்டுகளும் இரண்டு கொயிலும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன, வந்து பார்க்கலாம், தரமாட்டேன். இரண்டு கிழமைக்குள் பதில் வராவிட்டால் இதே கடிதத்தை நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குக் கொடுப்பேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம், அதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

இப்படிக்கு,
கார் உரிமையாளர்
(பெயரும் தொலைபேசி இலக்கமும் பில்லில் உள்ளன)