அரபு வரலாறு வீடியோ போடுற தமிழ் சேனல் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். நீங்க போடுற வீடியோக்கள விடாம பாக்குற ஆள் நான். ரோம், மங்கோலியர் கதையெல்லாம் எவ்வளவு பொறுமையா சொல்றீங்க, ஆனா அரபு வரலாறுன்னு வந்தா மட்டும் ஏங்க எல்லாரும் ஒரே மாதிரி ஆரம்பிக்கிறீங்க? மணல், ஒட்டகம், கூடாரம், ஓயாம அடிச்சுக்கிற கூட்டம், அப்புறம் ஒரு மேப் வருது, அதுல முஸ்லிம் ஆட்சியக் காட்டுற பச்சை கலர் நாலு பக்கமும் பரவுது, அதோட வீடியோ முடிஞ்சிருது. பாக்குற பசங்க மனசுல என்ன பதியும்? இஸ்லாத்துக்கு முன்னாடி அங்க ஒன்னுமே இல்ல, பின்னாடி நடந்தது எல்லாமே கத்தியால நடந்துச்சுன்னுதான் பதியும். ரெண்டுமே தப்பு.

மொதல்ல அந்த "ஒன்னுமே இல்ல"ங்கிறத எடுத்துக்குவோம். யெமன்ல மாரிப்னு ஒரு ஊரு, சபா ராஜ்ஜியத்தோட தலைநகரம். அங்க ஒரு அணை கட்டி ஆயிரம் வருஷத்துக்கு மேல வயலுக்குத் தண்ணி பாய்ச்சிருக்காங்க, 548ல கூட அத ரிப்பேர் பண்ணதா கல்வெட்டு இருக்கு. அந்தப் பக்கத்துல இருந்துதான் குந்திரிக்கம், வெள்ளைப்போளம்னு ரெண்டு வாசனைப் பிசினும் ஒட்டகத்துல ஏறி மத்தியதரைக் கடல் வரைக்கும் போச்சு. வடக்க நபத்தியர்கள்னு ஒரு அரபு மக்கள் பாறையக் குடைஞ்சு, இன்னிக்கு ஜோர்டான்ல இருக்குற பெட்ராவக் கட்டுனாங்க, மழைத்தண்ணிய ஒரு சொட்டு விடாம தொட்டில பிடிச்சு வச்சு ஒரு நகரத்தையே நடத்துனாங்க. தெற்கு சிரியாவுல நமாராங்கிற இடத்துல 328ஆம் வருஷத்து கல்வெட்டு ஒன்னு கிடைச்சிருக்கு, அதுல ஒரு ராஜாவ "அரபிகள் எல்லாருக்கும் மன்னன்"னு அரபு மொழியிலயே சொல்லிருக்கு. இதெல்லாம் நபிகள் நாயகம் பிறக்குறதுக்கு முன்னாடிங்க.

மக்காவுல நபிகளோட குலமான குறைஷிகள் வியாபாரிங்க, நபிகளோட மனைவி கதீஜா அம்மையார் சொந்தமா சரக்கு அனுப்பி வியாபாரம் பண்ணவங்க. வருஷத்துல சில மாசம் சண்டையே போடக்கூடாதுன்னு எல்லாக் குலமும் ஒத்துக்கிட்டு வச்சிருந்தாங்க, அந்த நேரத்துல தாயிஃப் பக்கம் உக்காழ் சந்தை கூடும், சரக்கும் விக்கும், கவிஞர்களும் வந்து பாடுவாங்க. கன்ஸான்னு ஒரு பெண் கவிஞர், செத்துப்போன அண்ணன் தம்பிக்காக அவங்க பாடுன ஒப்பாரிப் பாட்டு இன்னிக்கும் அரபு இலக்கியத்துல நிக்குது. பெண் குழந்தைய உயிரோட புதைச்சதும், ரத்தப்பழிச் சண்டையும், அடிமை வியாபாரமும் அங்க இருந்துச்சுதான், அத மறைக்கச் சொல்லல. அது மட்டும்தான் இருந்துச்சுன்னு சொல்லாதீங்கன்னுதான் கேக்குறேன்.

இன்னொன்னு, அந்தப் பழைய பாட்டையெல்லாம் தேடித் தேடி எழுதி வச்சது யாருன்னு நினைக்கிறீங்க? பின்னாடி வந்த முஸ்லிம் அறிஞர்கள்தான். ஈராக்ல இருக்குற பஸ்ரா, கூஃபா ஊர்ப் புலவர்கள் குர்ஆன்ல வர்ற அரிதான சொல்லுக்கு விளக்கம் சொல்லவும் இலக்கணம் எழுதவும் அந்தப் பாட்டத்தான் சாட்சியா வச்சாங்க. அதனால முன்னாடி இருட்டு, பின்னாடி வெளிச்சம்னு ஒரு கோடு போட்டுப் பிரிச்சுக் காட்டுனா அவங்க செஞ்ச வேலையவே நாம மறைச்சிடுறோம்.

அடுத்து அந்த மேப். பைசாண்டியம்ங்கிற கிழக்கு ரோமப் பேரரசும் பாரசீகமும் 602ல இருந்து 628 வரைக்கும் அடிச்சுக்கிட்டு ஓய்ஞ்சு போயிருந்துச்சு, அதுக்கு ஆறேழு வருஷத்துக்குள்ள அரபுப் படை வந்து நிக்குது. இத சொல்லாம, பைசாண்டியப் படைய அரபுப் படை தோக்கடிச்ச யர்முக் சண்டைய மட்டும் காட்டுனா எப்படிப் புரியும்? ஜெயிச்ச பிறகும் டமாஸ்கஸ்ல அரசாங்கக் கணக்கு கிரேக்க மொழியிலதான் எழுதுனாங்க, ஈராக்ல பாரசீகத்துல, கலீபா அப்துல் மலிக் காலத்துலதான் அது அரபிக்கு மாறிச்சு, அதாவது ஏறக்குறைய அறுபது வருஷம் கழிச்சு. சிரியா, எகிப்து ஜனங்க ஒரே நாள்ல மதம் மாறவும் இல்ல, பல தலைமுறை கிறிஸ்தவங்களாவே இருந்தாங்க. பச்சை கலர் பரவுற மேப்புல இது எதுவுமே தெரியாது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆளு ஒருத்தர், அவரப் பத்தி உங்கள்ல யாரும் பேசி நான் பாக்கல. ஹுனைன் இப்னு இஸ்ஹாக். ஹீராவுல பிறந்த அரபுக் கிறிஸ்தவர், மருந்துக் கடைக்காரர் மகன். ஹீரான்னா ஈராக்ல, இஸ்லாத்துக்கு முன்னாடியே பாரசீகத்துக்குக் கீழ அரபு ராஜாக்கள் ஆண்ட ஊரு. 762ல கலீபா மன்சூர் கட்ட ஆரம்பிச்ச பக்தாத்ல, 9ஆம் நூற்றாண்டுல இவரு கிரேக்க மருத்துவர் கேலனோட நூல்களை அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவங்களோட சிரியாக் மொழிக்கும் அரபிக்கும் கொண்டு வர்றாரு. கேலனோட ஒரு நூலுக்காக மெசபொத்தேமியா, சிரியா, பாலஸ்தீனம், எகிப்துன்னு அலைஞ்சு கடைசில டமாஸ்கஸ்ல பாதிதான் கிடைச்சுதுன்னு அவரே எழுதி வச்சிருக்காரு. ஒரே கையெழுத்துப் பிரதிய நம்பாம பல பிரதிய பக்கத்துல வச்சு ஒப்பிட்டு, சரி பண்ணிட்டுத்தான் மொழிபெயர்ப்பாரு. இந்த வேலைக்குப் பணம் குடுத்தவங்க முஸ்லிம் கலீபாக்களும் பக்தாத் பணக்காரங்களும். இன்னிக்கு துருக்கில இருக்குற ஹர்ரான்ல இருந்து வந்த தாபித் இப்னு குர்ரா நட்சத்திரத்தக் கும்பிடுற சாபியர் கூட்டத்துக்காரர், அல் குவாரிஸ்மி மத்திய ஆசியாப் பக்கம், இந்தியக் கணக்குமுறைய அரபில எழுதிப் பரப்புனவர். "அவங்க சும்மா காப்பி அடிச்சாங்க"ன்னு சொல்றவங்க அல் குவாரிஸ்மியோட அல்ஜீப்ரா நூல ஒரு தடவை பாக்கட்டும்.

அதனால நான் கேக்குறது இதுதான். அடுத்த சீரீஸ மக்காவுல ஆரம்பிக்காதீங்க, மாரிப்ல ஆரம்பிங்க. ஹீராவுக்கு ஒரு எபிசோட் குடுங்க, போர்க்களத்துக்கு ஒதுக்குற நேரத்துல பாதியாவது பக்தாத்ல பிரதி எடுத்தவங்களுக்கும் காகிதக் கடைத் தெருவுக்கும் ஒதுக்குங்க. மேப் போட்டா ஒவ்வொரு ஊருலயும் அப்ப எந்த மொழில கணக்கு எழுதுனாங்கன்னு ஒரு சின்ன குறிப்பு சேருங்க. ஹுனைன் பத்தி மட்டும் ஒரு முழு வீடியோ போட்டீங்கன்னா மொத ஆளா பாக்குறது நானாத்தான் இருப்பேன்.