நீலம் புகைப்படம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் ஒன்றோடொன்று மோதிக் கடந்த இரு கொத்துகளான ‘புல்லட்’ விண்மீன் மண்டலக் கொத்து பற்றிய கட்டுரை கண்டேன். படத்திலுள்ள நீல நிறத்தைக் கரும்பொருளின் (ஒளி விடாத, ஈர்ப்பால் மட்டுமே அறியப்படும் பொருள்) புகைப்படம் என்று குறிப்பிட்டிருப்பது சரியல்ல. இளஞ்சிவப்பு, சந்திரா விண்வெளித் தொலைநோக்கி எக்ஸ் கதிரில் பதிவுசெய்த கடும் வெப்ப வாயு. நீலமோ கணக்கிட்டுத் தீட்டியது. கொத்துக்குப் பின்னாலுள்ள மண்டலங்களின் ஒளி கொத்தின் ஈர்ப்புவிசையால் வளைந்து, அவற்றின் உருவம் சற்றே கோணிப்போகிறது; அந்தக் கோணலை அளந்துதான் நிறை எங்கே குவிந்திருக்கிறது என்று கண்டார்கள். மோதலில் வாயு பின்தங்கிவிட, நிறையின் பெரும்பகுதி அதைக் கடந்து முன்னே நிற்கிறது. கரும்பொருள் உண்டு என்று வாதிட்டு 2006இல் வெளியான ஆய்வின் வலுவே இதுதான். ‘புகைப்படம்’ என்று எழுதிவிட்டால் இந்த வாதமே காணாமல் போகிறது.

நான் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். ஒளி வளைவதை வகுப்பில் விளக்க, அடி தடித்த கண்ணாடி டம்ளரை கிராஃப் தாள் மேல் வைத்துக் காட்டுவேன். கோடுகள் வில்லாக வளையும். அவற்றை மட்டும் பார்த்தே கண்ணாடி எங்கே தடிமன் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள், பெரும்பாலும் கடைசி பெஞ்சுக்காரர்கள்தான் முதலில். இத்தகைய படங்களின் கீழே, எந்த நிறம் பதிவானது, எது கணக்கிட்டுப் பூசியது என ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன்.