முன்னால் பட்டன் வைத்த சட்டை

எய்யா,

நேற்று ராத்திரி போனில் நீ பேசினதைவிடப் பேசாமல் இருந்த நேரம்தான் அதிகம். உன்னிடம் சைக்கிள் பழகுகிற பிள்ளை ஞாயிற்றுக்கிழமை விழுந்து எலும்பு ஒடிந்ததைச் சொல்லிவிட்டு, "இனிமேல் கோச்சிங்கே வேண்டாம்மா" என்று வைத்துவிட்டாய். அந்த நேரத்தில் எனக்கு வாய் வரவில்லை. அதான் எழுதுகிறேன்.

முதலில் நர்ஸாகப் பேசிவிடுகிறேன். பதினாலு வயதுப் பிள்ளைக்குத் தோள்பக்கத்துக் காலர் போன் எலும்பு ஒடிந்தால் பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படாது. கையைத் தூக்கிக் கட்டினாலே கூடிவிடும். தோளில் இடித்து விழும்போது பாரம் முழுக்க அந்த மெல்லிய எலும்பில்தான் இறங்கும், சைக்கிள்காரர்களுக்கு அது வழக்கமான முறிவு. சில வாரத்தில் அந்த இடத்தில் முடிச்சு மாதிரி புடைக்கும். எலும்பு கூடுகிற அடையாளம் அது. அவள் அம்மாவிடம் இப்போதே சொல்லிவை, இல்லாவிட்டால் பயந்துபோவாள். எனக்கு எலும்பைவிட, ஹெல்மெட் விரிசல் விட்டது என்றாயே, அதுதான் கவலை. தலைவலி, வாந்தி, வழக்கமில்லாத தூக்கம் எது வந்தாலும் உடனே டாக்டரிடம் போகச் சொல். கை சரியானாலும், தலையைப் பற்றி டாக்டர் சரி என்று சொல்லாமல் அவளை வண்டியில் ஏற்றாதே. அந்த ஹெல்மெட்டையும் தூக்கிப் போடச் சொல். ஒருமுறை அடி வாங்கியது அடுத்த அடியைத் தாங்காது.

ஹெல்மெட் கதையை எனக்குச் சொன்னவனே நீதான். 1991-ல் கட்டாயம் என்றதும் பிரான்ஸில் நடக்கிற பாரிஸ்–நீஸ் சைக்கிள் பந்தயத்தில் வீரர்கள் போராட்டம் செய்தார்கள், விதி வாபஸ் ஆனது. 2003-ல் அதே பந்தயத்தில் கசகஸ்தான்காரர் கிவிலெவ் ஹெல்மெட் இல்லாமல் விழுந்து மறுநாள் இறந்தார், அந்த வருடமே கட்டாயமாக்கினார்கள். "ஒருத்தர் செத்தாத்தான் புத்தி வருமா?" என்று எங்கள் மேலெல்லாம் கோபப்பட்டாய், ஏதோ நானும் உன் அப்பாவும்தான் விதியை எடுத்துவிட்ட மாதிரி. அந்தக் கோபக்காரன் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அவள் தாடைப் பட்டையை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பவிட்டிருப்பான். அதை நீ கணக்கிலேயே எடுக்கவில்லை.

சரி, மற்றதையும் பேசுவோம். கோவளம் தாண்டி நாய் குறுக்கே வந்ததும் முன்னால் போனவன் பிரேக் பிடித்ததும் உன் கையில் இல்லை. அவன் பின் சக்கரத்தில் இவள் முன் சக்கரம் உரசியது, உரசினால் பின்னால் வருகிறவருக்குத்தான் அடி. ஆனால் சேர்ந்து இரண்டு மாதம் ஆகாத பிள்ளையைப் பெரிய பையன்களின் வேகமான வரிசையில், அவ்வளவு நெருக்கத்தில் விட்டது நீ. அது தப்புதான். இல்லை என்று சொன்னால், அம்மா ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைப்பாய்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. உனக்கு மூன்று வயது. எனக்கு நைட் டூட்டி. இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆன ஒரு தாத்தாவுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, கட்டிலின் பக்கக் கம்பியை ஏற்ற மறந்து அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். விழுந்துவிட்டார். மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டார். நடந்ததை அப்படியே ரிப்போர்ட்டில் எழுதினேன், மெமோவும் வாங்கினேன். ஆனால் அதற்கப்புறம் அவர் அங்கே இருந்த நாளெல்லாம் டூட்டியை மாற்றி வாங்கிக்கொண்டு அந்தப் பக்கமே போகவில்லை. டிஸ்சார்ஜ் ஆகிற அன்று அவர் மகள் வார்டு ஆயாவிடம் கேட்டிருக்கிறாள்: "அப்பாவுக்குத் தலை சீவிவிடுவாங்களே, அந்த சிஸ்டர் லீவா?" கம்பியை ஏற்றாதது அந்த சிஸ்டர்தான் என்று அவளுக்குத் தெரியாது. ரிப்போர்ட்டில் எழுதத் தெரிந்த எனக்கு அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. அவர் விழுந்த சத்தம் மறந்துவிட்டது. அவள் கேட்டது மறக்கவில்லை.

அதனால் போய்ப் பார். வாசலில் நின்று விசாரித்துவிட்டுத் திரும்பாமல் உள்ளே போய் உட்கார். ஆனால் அழாதே. வார்டில் நான் பார்த்திருக்கிறேன், ஒரு பி.டி. மாஸ்டர் 'எல்லாம் என்னால்தான்' என்று தலையில் அடித்துக்கொள்வார், கால் ஒடிந்து கிடக்கிற பையனின் அம்மா எழுந்துபோய் அவருக்கு டீ வாங்கி வருவாள். 'வேகமான வரிசையில் அவசரப்பட்டு விட்டுவிட்டேன், அது என் தப்பு' என்று மட்டும் சொல். நாயையும் சேர்த்துச் சுமக்காதே.

அவள் அப்பா திட்டுவார். பொம்பளைப் பிள்ளைக்கு ரோட்டில் என்ன சைக்கிள் என்றவரிடம் மூன்று தடவை போய்ப் பேசிக் கூட்டி வந்தவன் நீ, திட்டாமல் என்ன செய்வார்? வாங்கிக்கொள். ஆனால் நீ கோச்சிங்கை விட்டுவிட்டால், அன்றைக்கே நான் சொன்னேனே என்று அவளிடம் சொல்வார். அதற்கப்புறம் அவள் எந்த வாயால் சைக்கிள் கேட்பாள்? திரும்ப ஓட்டுவதா வேண்டாமா என்பதை அவள் சொல்லட்டும். நீயாக அவளிடம் அந்தப் பேச்சை எடுக்காதே.

அப்புறம், கையைத் தூக்க முடியாது என்பதால் தலைவழியாகப் போடுகிற எந்த உடுப்பும் அவளுக்குச் சேராது. முன்னால் பட்டன் வைத்துத் தொளதொளவென்று இரண்டு பருத்திச் சட்டை தைத்து அனுப்புகிறேன். துணி நேற்றே எடுத்துவிட்டேன், ஒன்று மஞ்சள், ஒன்று நீலப் பூப்போட்டது. போகும்போது அவள் அம்மாவிடம் அளவு கேட்டு வந்து சொல்.

அம்மா