டோசர் வரமுதல் ஒருதரம் எங்கள் குளத்தடிக்கு வாருங்கள்

பிரதேச சபைத் தவிசாளருக்கும் உறுப்பினர்களுக்கும், வீட்டுத்திட்டத்துக்குப் படம் வரைகிறவர்களுக்கும் வணக்கம்.

கிளிநொச்சிப் பக்கம் ஒரு சின்னக் குளத்தடியில் இருந்து எழுதுகிறேன். குளத்துக்கு மேலே இருக்கிற காட்டுக் காணியில் புது வீடுகள் வரப்போகின்றன என்று அறிந்தோம். வரட்டும். 2009க்குப் பிறகு தறப்பாளுக்குக் கீழே மாரி முழுக்க நனைந்த எங்களுக்கு, இன்னொருவருக்கு வீடு வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. ஆனால் வீட்டுத்திட்டம் என்றாலே முதலில் டோசர் வந்து காணியை வழித்துத் துடைத்துவிட்டு, வீடெல்லாம் கட்டி முடித்த பிறகு திறப்புவிழாவில் ஆளுக்கொரு மரக்கன்று கொடுக்கிறார்களே, அந்த ஒழுங்கை மாற்றுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

எங்கள் வளவில் இரண்டு பாலை நின்றன, அப்பப்பா காலத்து மரங்கள். பழக்காலத்தில் விடியமுதலே கிளியும் குரங்கும் வந்துவிடும், கீழே விழுந்ததைப் பொறுக்கித் தின்றுவிட்டுப் பாலில் உதடு ஒட்ட ஒட்டப் பள்ளிக்கூடம் போவோம். ஒரு பின்னேரத்துக்குள் இரண்டையும் தள்ளிவிட்டார்கள். பதிலுக்குத் தந்த தேக்கங்கன்று முதல் கோடையிலேயே கருகிப்போனது. பாலை மெல்ல மெல்ல வளர்கிற மரம், இன்றைக்கு நட்டால் என் பேரப்பிள்ளைகள்தான் அதன் நிழலைக் காண்பார்கள். அதனால் நிற்கிற பாலை, வீரை, முதிரை, மருது எல்லாவற்றையும் முதலில் படத்தில் குறியுங்கள், அப்புறம் வீட்டுக்கும் வீதிக்கும் கோடு போடுங்கள். வீதி கொஞ்சம் வளைந்தால் என்ன?

அடுத்தது தண்ணீர். இங்கே பெருமழை ஐப்பசியில் தொடங்கித் தையோடு சரி, மிச்ச மாதங்களில் குளத்தில் தண்ணீர் நின்றால்தான் கிணற்றிலும் நிற்கும். மேல்குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வான் பாய்ந்து, அதாவது வழிந்து, கீழ்க்குளத்துக்குப் போகிற வழி கோடையில் வெறும் தரிசு மாதிரித்தான் கிடக்கும், புதிதாக வருகிறவர் அதில் தாராளமாக நாலு வீட்டுக்கு அத்திவாரம் போடுவார். 2018 மார்கழி வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. அலைகரைக்கு, அதாவது கட்டுக்கு எதிர்ப்பக்கம் குளத்துத் தண்ணீர் வந்து தொடுகிற கரைக்கு, மேலே நிற்கிற மரங்களையும் புல்லையும் தொடாதீர்கள், மழையோடு வருகிற மண்ணைக் குளத்துக்குள் போகாமல் மறிப்பது அவைதான். 80 ஹெக்டேருக்கு உட்பட்ட வயலுக்குப் பாய்ச்சுகிற குளங்களைக் கமநல அபிவிருத்தித் திணைக்களம் பார்க்கிறது, உள்ளூர் வீதி சபையின் கையில், வீடு இன்னோர் இடத்தில். மூன்று தரப்பும் எங்கள் கமக்காரர் அமைப்போடு ஒரே நாளில் குளக்கட்டில் வந்து நின்று பாருங்கள்.

மதிலுக்கு ஒதுக்குகிற காசை மிச்சம் பிடிக்கலாம். மாரி தொடங்கக் கிளுவைத் தடியும் பூவரசந்தடியும் நட்டால் அதுவே வேலி. எங்கள் பின்வேலியில் தையல்சிட்டு ஒன்று இரண்டு பூவரசம் இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டியிருக்கிறது, வேலிக்குக் கீழே கீரி தன்பாட்டில் போய்வருகிறது. மதில் கட்டிய வளவில் கீரி எந்த வழியால் போகும்? தெருவிளக்கு போட்டால் வெளிச்சம் நிலத்தைப் பார்த்து விழட்டும், குளத்துப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

அளக்க வருகிற நாளை இரண்டு கிழமைக்கு முன்னமே எங்களுக்குச் சொல்லிவிடுங்கள். காப்பாற்ற வேண்டிய ஒவ்வொரு மரத்துக்கும் நாங்களே சுண்ணாம்பு பூசி வைக்கிறோம், வான் தண்ணீர் போகிற வழி நெடுக முளை அடித்துக் கயிறும் கட்டி வைக்கிறோம்.

இப்படிக்கு,
குளத்தடியில் இருந்து ஒரு கமக்காரன்