கால் வலியா? ரத்த ஓட்டத்தையும் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சர்க்கரை நோயாளிகளின் பாதப் பராமரிப்பு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை மிகவும் பயனுள்ளது. ஆனால் புண் ஏன் ஆறவில்லை என்று காட்டிக்கொடுக்கும், ஒலி அலைகளால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனை அது ஒரே வரியில் கடந்துவிட்டது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

என் அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு, பல வருட பீடிப் பழக்கமும் உண்டு. கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், சற்று நின்றால் விட்டுவிடும். வாதம் என்றார்கள், அப்புறம் முதுகுத்தண்டு என்றார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்தோம், நரம்பு மாத்திரை மாதக்கணக்கில் ஓடியது. பாதத்தில் நாடி துடிக்கிறதா என்று தொட்டுப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. கட்டைவிரல் கறுத்த பிறகுதான் ரத்தநாள அறுவை சிகிச்சை நிபுணரிடம் போய்ச் சேர்ந்தோம்.

அவர் முதலில் கையிலும் கணுக்காலிலும் பி.பி. பட்டையைச் சுற்றி, பேனா அளவுள்ள டாப்ளர் கருவியால் அழுத்தம் பார்த்தார். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்தால் 1-ஐ ஒட்டி வர வேண்டும். 0.9 அல்லது அதற்குக் கீழ் என்றால் காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயான தமனியில் அடைப்பு. அப்பாவுக்கு 1.4-ஐத் தாண்டியது. சர்க்கரை நோயாளிகளுக்குத் தமனிச் சுவரில் கால்சியம் படிந்து இறுகிவிடுவதால் பட்டை இறுக்கினாலும் குழாய் அமுங்காது, எண் பொய்யாக ஏறிவிடும் என்று டாக்டர் விளக்கினார். அதனால்தான் கலர் டாப்ளர் ஸ்கேன்.

தொடை இடுக்கில் ஜெல் தடவிக் கருவியை நகர்த்திக்கொண்டே போனார்கள். தொடையின் நடுவில் ஓரிடத்தில் திரையில் சிவப்பு கலங்கிப் பல நிறமானது, கேட்டுக்கொண்டிருந்த சத்தம் கிறீச்சென்று உயர்ந்தது. குழாய் குறுகிய இடத்தில் ரத்தம் வேகமெடுக்கும். சற்று மேலே உள்ள வேகத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போனால் பாதிக்கு மேல் அடைப்பாம். முழங்காலுக்குக் கீழே, திரையில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் அலை தட்டையாகவே ஓடியது. ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய சாய மருந்தும் இல்லை. பிறகு பலூன் வைத்து அடைப்பை நீக்கினார்கள். விரல் போய்விட்டது, கால் தப்பியது.

ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரைகளையும் இதே ஸ்கேன் காட்டும். கருவியால் அழுத்தும்போது நல்ல சிரை அமுங்கும், ரத்தம் உறைந்த சிரை அமுங்காது. சிரைகள் புடைத்துச் சுருண்டுகொள்ளும் வெரிகோஸ் இருந்தால் ரத்தம் கீழ்நோக்கித் திரும்பி ஓடுவது தெரியும். வெரிகோஸுக்குப் போடும் இறுக்கமான காலுறையைத் தமனி அடைப்பு முற்றிய காலில் மாட்டினால், வருகிற கொஞ்ச ரத்தமும் நின்றுபோகும். காரணம் தெரியாமல் காலுக்கு வைத்தியம் பார்ப்பது எவ்வளவு ஆபத்து பாருங்கள்!

ஆரம்ப சுகாதார நிலையங்களில் அந்தப் பேனா டாப்ளர் இருக்க வேண்டும், செவிலியர்களுக்கு அதில் பயிற்சி வேண்டும். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து பி.பி., சுகர் பார்க்கிறார்கள். அப்படியே இரு பாதங்களிலும் நாடியைத் தொட்டுப் பார்த்து, கிடைக்காதவர்களை ஸ்கேனுக்கு அனுப்பினால் எத்தனையோ கால்கள் மிஞ்சும். ரத்தநாள நிபுணர் ஒருவரைக் கொண்டு இதைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்.