எதிர்த்திண்ணையிலிருந்து அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

அப்பாவின் முதல் திவசத்துக்கு இன்னும் பதினொரு நாள்கள் இருக்கின்றன. அது முடிந்த மறுவாரம் கடையின் பலகைகளைக் கழற்றிவிட்டு இரும்பு ஷட்டர் போடப்போவதாக நீ சொன்னாய். கூடாது என்று நான், சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். அந்த மறுப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அதைக் குழுவில் எழுதாமல் இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நம் கடையின் ஓவியத்தை இதே இடத்தில்தான் வெளியிட்டேன். அதனுடன் எழுதிய நீண்ட குறிப்பில் மங்களூர் ஓட்டுக்கும் நீலம் கலந்த சுண்ணாம்புச் சுவருக்கும் இடம் இருந்தது, உனக்கு இருக்கவில்லை. அன்று அதைப் படித்தவர்கள் இதையும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஊரின் பெயரையும், அந்த ஓவியம் என்ன விலைக்குப் போனது என்பதையும் இங்கே சொல்ல மாட்டேன். இரண்டும் உனக்குத் தெரியும்.

நான் ஏன் மறுத்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஷட்டர் ஒரே தள்ளலில் மேலே போய்விடும். நம் கடை அப்படித் திறப்பதில்லை. ஒன்பது பலகைகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் காடியிலிருந்து வெளியே வர வேண்டும். ஒவ்வொன்று வரும்போதும் இருட்டுக்குள் ஒரு பலகை அகலத்துக்கு ஏதாவது ஒன்று தெரியத் தொடங்கும். எண்ணெய் டின், தராசு, கோவில்பட்டிக் கடலைமிட்டாய் ஜாடி, எல்லாவற்றுக்கும் கடைசியாகக் கல்லாப்பெட்டிக்கு மேலே தொங்கும் சிவகாசி நாட்காட்டி. படம் வரைபவளுக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடைக்காது. ஒரு முகப்பு எப்படித் தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டிக்கொள்கிறது என்பதை எந்தக் கல்லூரியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பலகைகளின் பச்சை எனாமல் நெஞ்சுயரத்தில் மட்டும் தேய்ந்து மரம் தெரிகிறது, கவனித்திருக்கிறாயா? அது அப்பாவின் உள்ளங்கை பட்ட இடம். அதற்கு நான்கு விரற்கடை மேலே இன்னொரு தேய்வு தொடங்கியிருக்கிறது. நீ அவரைவிட உயரம்.

மேலே உள்ள தகரப் பலகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1974இல் கடை திறந்தபோது எழுதியது என்பதால் அதில் ‘வெற்றிலை’யின் லை இன்னும் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. 1978 அக்டோபரில் அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையைப் பிறப்பித்த பிறகு புதிதாக எழுதப்பட்ட பலகைகளிலிருந்து அந்தத் தும்பிக்கை மெல்ல மெல்ல மறைந்துபோயிற்று. பள்ளியில் புதிய லையைக் கற்றுக்கொண்டு வந்து, கடைப்பலகையில் எழுத்துப் பிழை இருக்கிறது என்று நான் சொன்னபோது, “பிழை இல்ல பாப்பா, அதுக்கு வயசு அப்படி” என்று அப்பா சொன்னார். எழுத்துக்கும் வயது உண்டு என்று அன்று தெரிந்துகொண்டதிலிருந்துதான் ஊர் ஊராகப் போய்க் கடைகளின் பெயர்ப்பலகைகளை வரையத் தொடங்கினேன். அந்தத் தகரத்தையும் நீ இறக்கப்போகிறாயா என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இனி, கடையை நான் வரைந்த அந்தச் சனிக்கிழமை.

கடை மேற்குப் பார்த்தது. நாலரை மணிக்கு மேல் வெயில் தாழ்ந்து, படியேறி, உள்ளே நுழைந்து ஜாடிகளைத் தொடும். தேன்மிட்டாயின் சிவப்பு அப்போதுதான் பற்றிக்கொள்ளும். அந்த வெளிச்சம் எனக்கு வேண்டும் என்பதற்காக அந்த நேரத்தைத் தேர்ந்தேன். தீப்பெட்டி ஆபீஸில் வாரக் கூலி கொடுப்பதும் சனிக்கிழமை அதே நேரத்தில்தான் என்பதும், வாரம் முழுவதும் நோட்டில் எழுதிய கடன் அந்த ஒரு மணி நேரத்தில்தான் கல்லாவுக்குத் திரும்பி வரும் என்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல. தெரிந்தேதான் எதிர்த்திண்ணையில் காகிதத்தை விரித்தேன். குளிர்பானப் பெட்டியை உள்ளே தள்ளச் சொன்னேன், தள்ளினாய். ஷாம்பு, ஊறுகாய், காப்பித்தூள் பாக்கெட்டுச் சரங்கள் நிறத்தைக் கெடுக்கின்றன என்றேன். ஆணி ஆணியாகக் கழற்றி உள்ளே வைத்தாய். கடைசியாக, நீ போட்டிருந்த கட்டம் போட்ட சட்டை கண்ணை இழுக்கிறது, கொஞ்சம் தள்ளி நில் என்றேன். கடன் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய் நின்றாய். ஒரு பாட்டி நல்லெண்ணெய்க்குத் தூக்குவாளியை நீட்டியபோது, “பாப்பா படம் வரையுது, செத்த பொறுங்க” என்று நீ சொன்னது என் காதில் விழுந்தது. நான் நிமிரவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. காத்திருந்த பெண்களில் சிலர் மேலத்தெருக் கடைப்பக்கம் நடந்ததையும் ஓரக்கண்ணால் பார்த்தேன்.

முடித்ததும் வந்து பார்த்தாய். “நல்லாருக்கு. இதுல நான் எங்க பாப்பா?” என்றாய். “நீ நின்னா முகப்பு மறைஞ்சிரும்ணே” என்றேன். நீ ஒன்றும் சொல்லாமல் சரங்களை எடுத்துவந்து மறுபடியும் ஒவ்வொன்றாக மாட்டினாய்.

மன்னித்துவிடு. ஆனால் ஓவியம் என்ற அளவில் நான் செய்தது சரி என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆள் இல்லாத கடைக்குள் பார்ப்பவரின் கண் தடையில்லாமல் போகும். ஆள் இருந்தால் கண் அவர் முகத்தோடு நின்றுவிடும். அதில் பொய் இல்லை. பொய் இருந்தது சரங்களில். சின்ன பாக்கெட்டில் அடைத்து விற்கும் முறையைப் பரப்பிய முன்னோடி கடலூர்க்காரரான சின்னி கிருஷ்ணன் என்பதைப் பின்னாளில்தான் தெரிந்துகொண்டேன். புட்டி வாங்க முடியாதவர் ஒரு நாள் தலைக்குளியலுக்கு வேண்டியதை மட்டும் வாங்கிக்கொள்ள வழி செய்தவை அந்தப் பாக்கெட்டுகள். கூலிக்காரர்கள் வாழும் நம் தெருவில் முகப்பு என்றால் அந்தச் சரங்கள்தான், ஓடும் சுண்ணாம்பும் அதற்குப் பின்னால்தான். அவற்றை நீக்கி நான் வரைந்தது யாரும் எதுவும் வாங்காத ஒரு கடையை.

ஆனாலும் அண்ணா, உன்னிடம் கேட்க எனக்கும் ஒன்று இருக்கிறது. நான் ஏன் எதிர்த்திண்ணையில் இருந்தேன்? எனக்குப் பதின்மூன்று வயதானபோது, பொம்பளைப் பிள்ளை கல்லாவில் உட்கார்ந்தால் ஊர் என்ன பேசும் என்று சொன்னது அப்பா இல்லை. அவர் சும்மாதான் இருந்தார். சொன்னவன் நீ, அப்போது உனக்குப் பதினேழு. அதற்குமுன் புளியையும் சீரகத்தையும் மடித்துக் கொடுத்தவள் நான். உன்னைவிட வேகமாகச் சணல் நூலைச் சுற்றி அறுப்பேன். மறுநாள் முதல் எனக்கு எதிர்வீட்டுத் திண்ணையும், நாட்காட்டியில் கிழித்த தாள்களின் முதுகும் மிஞ்சின. முப்பது ஆண்டுகளாக நான் வரைந்த கடைகள் அத்தனையிலும் கல்லாவுக்குப் பின்னால் ஒரே இருட்டுதான் இருக்கிறது. அதை என் பாணி என்று பாராட்டுகிறார்கள். அந்த இடத்தில் நிற்பவருக்கு என்ன தெரியும் என்பதை நான் அறியேன் என்பதுதான் காரணம். நீ பத்தாவதோடு ஏன் நின்றாய், என் கல்லூரிப் பணம் எங்கிருந்து வந்தது என்பவற்றை இங்கே விரிக்க வேண்டாம். ஆனால் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் நீ அதைச் சொல்லிக்காட்டும்போது, கூடவே இதையும் சொல்லியிருக்கலாம்.

எழுதியதைப் படித்துப் பார்க்கிறேன், கடுமையாக இருக்கிறது. இருந்தாலும் அழிக்க மனம் வரவில்லை.

போன ஐப்பசி மழையில் நான் வந்திருந்தபோது, இரவு பத்து மணிக்கு நீ கடை அடைப்பதை வாசலில் நின்று பார்த்தேன். பலகைகள் ஊறிப் பருத்திருந்தன. நாலாவது பலகை பாதிக் காடியில் இறுகிக்கொண்டு முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கும் அதே தோளால் நீ அதை மூன்று முறை இடித்தாய். தேய்ந்த மூலையின் இடுக்கில் எலி வருகிறது என்று அரிசி மூட்டைகளை அட்டத்தில் ஏற்றிவைத்திருந்தாய். இவற்றையெல்லாம் கண்ணால் பார்த்தவள்தான், அத்தனை சொந்தக்காரர்களும் படிக்கும்படி, அழகுணர்ச்சி இல்லாதவன் என்று உன்னை எழுதினேன். எந்தக் கோபத்திலும் அந்தச் சொல்லை நான் எழுதியிருக்கக் கூடாது. வெளியே நின்று பார்ப்பவளின் அழகுக்காக உள்ளே நிற்பவனின் தோள் தேய வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை.

ஷட்டர் போட்டுக்கொள். பலகைகளை மரக்கடைக்குக் கொடுப்பதும் உன் விருப்பம்; ஒன்றைக்கூட எனக்கென்று கேட்க மாட்டேன். திவசத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடுகிறேன். கழற்றுவதற்கு முந்தின இரவு மட்டும் ஒரு உதவி செய். நான் கல்லாவில் உட்கார்ந்துகொள்கிறேன். நீ எப்போதும்போல் வெளியிலிருந்து ஒன்றாம் எண் பலகையிலிருந்து வரிசையாகப் போட்டுக்கொண்டு வா. தெருவும் வேப்பமரமும் அந்தத் திண்ணையும் ஒவ்வொரு பலகைக்கும் எவ்வளவு மறைகின்றன என்று அங்கிருந்து வரைந்துகொள்கிறேன். சரங்கள் அதனதன் ஆணியிலேயே இருக்கட்டும். தெருவிளக்கு வெளிச்சத்தில் நீ அந்தக் கட்டம் போட்ட சட்டையோடு நின்றால் நல்லது. எட்டாவது பலகை போட்டதும் கொஞ்சம் பொறு. நான் வெளியே வந்த பிறகு ஒன்பதாவதைப் போடலாம்.

உன் தங்கை