தொள்ளாயிரம் பவுண்டும் கயலுடையது

அன்புள்ள முருகேசா,

உன் மடல் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறார் என்று எழுதியிருந்தாய். மனசு நிறைந்தது. இங்கே எல்லோரும் சுகம். மற்ற சங்கதிகளைப் பிறகு எழுதுகிறேன். உன் மகள் கயலின் வாடகை வீட்டு டெபாசிட் விஷயத்தில் நாள் ஓடிக்கொண்டிருப்பதால் முதலில் அதற்குப் பதில்.

“லெஸ்டரில் வீட்டைக் காலி செய்து பத்து நாள் ஆகிறது, டெபாசிட் 900 பவுண்டையும் ஏஜென்ட் கழித்துவிட்டார், ஊருக்கு வரப்போகிற பிள்ளை, போனால் போகட்டும்” என்கிறாய். போக விடாதே. ஏறக்குறைய ஒரு லட்ச ரூபாய். அதைவிட முக்கியம், அந்தப் பணம் இன்னும் கயலுடையதுதான். நம்மூரில் அட்வான்ஸ் கைமாறிய நாளிலிருந்தே அது வீட்டுக்காரர் பணம் போல ஆகிவிடுகிறது. காலி செய்யும்போது பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொள்வதும் பழகிப்போய்விட்டது. அந்தப் பழக்கத்தில்தான் நீங்கள் இருவரும் யோசிக்கிறீர்கள். இங்கிலாந்தில் கணக்கு தலைகீழ். கழிக்க வேண்டும் என்று கேட்கிறவர் வீட்டுக்காரர், ஆகவே நிரூபிக்க வேண்டியவரும் அவர். அவரிடம் தேதி போட்ட காகிதமும் படமும் இல்லையென்றால் சேதம் உண்மையிலேயே இருந்தாலும் பணம் கயலுக்கே வரும்.

சட்டம் இதுதான். 2004ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டப்படி, 2007 ஏப்ரல் முதல், தனியார் வீட்டுக்கு வாங்கும் டெபாசிட்டை அரசு அங்கீகரித்த மூன்று திட்டங்களில் ஒன்றில் பதிவு செய்ய வேண்டும். அதற்கு இப்போது 30 நாள் அவகாசம். டெபாசிட் புரொடெக்ஷன் சர்வீஸ், மைடெபாசிட்ஸ், டெனன்சி டெபாசிட் ஸ்கீம் ஆகியவை அந்த மூன்று. எந்தத் திட்டம், எவ்வளவு தொகை, தகராறு வந்தால் என்ன வழி என்பதையெல்லாம் எழுத்தில் கொடுப்பதற்கும் அதே 30 நாள்தான். கயல் இன்றே மூன்று திட்டங்களின் இணையதளங்களிலும் தேடட்டும். அஞ்சல் குறியீடு, குடும்பப் பெயர், ஒப்பந்தம் தொடங்கிய தேதி, தொகை இவற்றைக் கேட்பார்கள். பெயரை ஏஜென்ட் எப்படி எழுதியிருப்பாரோ தெரியாது. இனிஷியல் வைக்கும் நம் வழக்கத்தால் உன் பெயரே குடும்பப் பெயராகப் போயிருக்கலாம். அவள் பெயர், உன் பெயர் இரண்டையும் போட்டுப் பார்க்கச் சொல்.

தொகையைப் பொறுத்தவரை தப்பு இல்லை. 2019 ஜூன் 1 முதல், ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழ் இருந்தால் ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக்கூடாது. கயலின் வாடகை மாதம் 780 என்றால் ஆண்டுக்கு 9,360, அதை 52ஆல் வகுத்தால் வாரம் 180, ஐந்து வாரம் 900. சரியாக உச்சவரம்பில் வாங்கியிருக்கிறார்கள்.

இனி ஏஜென்ட் கழித்தவற்றின் பட்டியல். கார்பெட் 480, பெயின்டிங் 240, கிளீனிங் 180. கூட்டினால் 900, டெபாசிட்டுக்கு மிகச் சரியாக. இப்படிக் கச்சிதமாக முடியும் பட்டியலைக் கண்டால் ஒவ்வொன்றுக்கும் ரசீது கேட்க வேண்டும்.

கார்பெட்டில் இஸ்திரிப் பெட்டி பட்டுக் கருகிய தடம் இருப்பதைக் கயலே ஒப்புக்கொள்கிறாள். அது சேதம்தான், இயல்பான தேய்மானம் ஆகாது. கட்டில் கால் அழுந்திய குழி, நடக்கும் பாதையில் மங்கிய நிறம் இவை தேய்மானம், இவற்றுக்குக் காசு கிடையாது. ஆனால் கருகிய தடத்துக்கும் புதுக் கார்பெட் விலை முழுவதும் கேட்க முடியாது. பழையதற்குப் பதில் புதியதை வாடகைதாரர் செலவில் போட்டுக்கொள்ள இந்தத் திட்டங்களில் தகராறைத் தீர்க்கும் எந்தத் தீர்ப்பாளரும் விடமாட்டார். கணக்கு இப்படிப் போகும்: அந்தத் தரக் கார்பெட் எட்டு ஆண்டு உழைக்கும், போட்டு ஐந்து ஆண்டு ஆகிறது என்று வைத்துக்கொள். 480ஐ எட்டால் வகுத்தால் ஆண்டுக்கு 60, மிச்சம் மூன்று ஆண்டு, ஆக 180. தடம் ஒரு மூலையில் சின்னதாக இருந்து, ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய முடியுமென்றால் அதைவிடவும் குறையும். அதனால் கயல் கேட்க வேண்டிய முதல் கேள்வி: கார்பெட் எந்த ஆண்டு போட்டது, ரசீது எங்கே? பெரும்பாலும் இந்தக் கேள்வியிலேயே தொகை பாதியாகிவிடும்.

பெயின்டிங்கிலும் இதே கணக்குதான், சுவருக்குக் கடைசியாக எப்போது வண்ணம் அடித்தார்கள் என்று கேட்க வேண்டும். நாற்காலி முதுகு உரசிய கோடு தேய்மானம். படம் ஒட்டிய புளூ டாக் என்ற பசையின் எண்ணெய்க்கறை, ஆணித் துளை இவை சேதம். ஒரு சுவரில் இரண்டு கறை இருந்தால் அந்தச் சுவருக்குத்தான் கேட்கலாம், அறை முழுவதுக்கும் கேட்க முடியாது.

கிளீனிங்கில்தான் நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். இந்த நாட்டு டெபாசிட் தகராறுகளில் எப்போதும் முதலிடம் சுத்தத்துக்குத்தான். ஆள் வைத்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் 2019க்குப் பிறகு அது செல்லாது. குடிவந்தபோது இருந்த அளவு சுத்தத்தோடு திருப்பிக் கொடுத்தால் போதும், யார் தேய்த்தார்கள் என்பது பொருட்டில்லை. குடிவந்த நாளின் இன்வென்டரியில் (வீட்டிலுள்ள பொருள்களையும் அவற்றின் நிலையையும் எழுதிய பட்டியல்) ஓவனுக்கு நேராக என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கச் சொல். “பயன்படுத்திய நிலை” என்று இருந்தால், பளபளவென்று இல்லை என்று இப்போது புகார் சொல்ல முடியாது. இன்வென்டரியே இல்லையென்றால் வீட்டுக்காரர் பக்கம் மிகவும் பலவீனம்.

ஆகவே கயல் எழுத வேண்டிய பதில் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. மின்னஞ்சலில் மட்டும் எழுதட்டும், போனில் பேசவே வேண்டாம். போனில் “சரி, பாதிப் பாதி” என்று சொல்லவைத்துவிடுவார்கள். திட்டத்தின் இணையதளத்தில் ஒருமுறை ஒரு தொகைக்குச் சம்மதம் கொடுத்துவிட்டால் பிறகு மாற்ற வழி இல்லை. மின்னஞ்சலில் எழுத வேண்டியவை இவை: கார்பெட் விஷயத்தில் நியாயமான தொகை தரத் தயார், அதன் வயதும் ரசீதும் வேண்டும். பெயின்டிங்கும் கிளீனிங்கும் ஏற்கவில்லை, குடிவந்த நாளின் இன்வென்டரியும் காலி செய்தபோது எடுத்த அறிக்கையும் படங்களும் வேண்டும். தகராறு இல்லாத தொகையை உடனே விடுவிக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் போதும். பத்து நாள் கெடு வைத்து, அதற்குள் தீராவிட்டால் திட்டத்திடம் போவேன் என்று முடிக்கட்டும். தன் தவறை முதலிலேயே ஒப்புக்கொள்வது அவளுக்கு நஷ்டமில்லை. மற்ற இரண்டிலும் அவள் சொல்லுக்கு எடை கூடும்.

பதில் வராவிட்டால் அடுத்த படி பணம் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சில டெபாசிட்டுகளில் பணத்தைத் திட்டமே வைத்திருக்கும், அதைக் கஸ்டோடியல் என்பார்கள். இன்னொன்று இன்சூர்டு: பணம் வீட்டுக்காரரிடமோ ஏஜென்டிடமோ இருக்கும், திட்டம் காப்பீடு மட்டும் தரும். கஸ்டோடியல் என்றால் கயலே உள்நுழைந்து பணம் கேட்கலாம், எதிர்த்தரப்பு குறித்த நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். இன்சூர்டு என்றால் ஒப்பந்தம் முடிந்து மூன்று மாதத்துக்குள் தகராறைப் பதிந்தாக வேண்டும். பதிந்ததும், தகராறுத் தொகையை அவர்கள் திட்டத்திடம் கட்ட வேண்டும். கட்டாமல் போனாலும், கயலுக்குச் சேர வேண்டியது என்று தீர்ப்பானதைத் திட்டமே கொடுத்துவிடும். இந்த மூன்று மாதத்தைத்தான் ஊர் திரும்பும் பிள்ளைகள் தவறவிடுகிறார்கள். வீட்டுக்காரரோடு நான்கு மாதம் மெயிலில் மல்லுக்கட்டிவிட்டுப் பிறகு திட்டத்திடம் போனால் கதவு சாத்தியிருக்கும். பேச்சுவார்த்தை நடந்தாலும் நடக்காவிட்டாலும் பத்தாவது வாரத்தில் பதிந்துவிட வேண்டும்.

தகராறுத் தீர்வுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. யாரும் வீட்டுக்கு வந்து பார்க்க மாட்டார்கள், இரு தரப்பும் அனுப்பிய காகிதத்தை மட்டும் படித்துத் தீர்ப்பாளர் முடிவு சொல்வார். பொதுவாக ஆதாரம் சேர்ந்து 28 நாளில் முடிவு வந்துவிடும். மேல்முறையீடு கிடையாது என்பதால் முதல் தடவையே எல்லாவற்றையும் ஒழுங்காகக் கொடுக்க வேண்டும். நாற்பது நிமிட வீடியோவைவிடப் பன்னிரண்டு படங்கள் மேல். படத்துக்கு எண் போட்டு, இன்வென்டரியின் எந்த வரிக்கு எந்தப் படம் என்று எழுத வேண்டும். கறையை எடுக்கும்போது பக்கத்தில் ஒரு நாணயம் வைத்தால் அளவு தெரியும்.

ஊருக்கு வருமுன் மூன்று விஷயம். இங்குள்ள வங்கிக் கணக்கைப் பணம் வந்து சேரும்வரை மூடக்கூடாது. மொபைல் எண்ணும் உயிரோடு இருக்க வேண்டும், திட்டமும் வங்கியும் கடவு எண்ணை அதற்கு அனுப்பலாம். படிப்பு முடிந்ததும் பல்கலைக்கழக மின்னஞ்சலை நிறுத்திவிடுவார்கள், எனவே திட்டத்தில் அந்த முகவரி இருந்தால் இப்போதே மாற்றட்டும். கூட இருந்த பெண்களும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால் பதிவில் முதன்மை வாடகைதாரர் யார் என்று பார்க்க வேண்டும். அவர் வழியாகத்தான் காரியம் நகரும், அவர் ஊருக்குப் போய்விட்டால் எல்லோருக்கும் சிக்கல்.

மூன்று திட்டங்களிலும் பதிவே இல்லையென்றால் விஷயம் கயலுக்கு இன்னும் சாதகம். பதியாமல் விட்டாலோ தாமதமாகப் பதிந்தாலோ டெபாசிட்டைப் போல ஒரு மடங்கு முதல் மூன்று மடங்கு வரை நீதிமன்றம் அபராதம் விதித்து வாடகைதாரருக்குக் கொடுக்கச் சொல்லும். கேட்பதற்கு ஆறு ஆண்டு அவகாசம். வழக்குக்கு முன் ஒரு முன்னறிவிப்புக் கடிதம் அனுப்ப வேண்டும், இந்த அபராதத்தைச் சட்டப் பிரிவு எண்ணோடு அதில் எழுதினாலே (2004 சட்டத்தின் 214ஆம் பிரிவு) பெரும்பாலோர் டெபாசிட்டைத் திருப்பிக் கொடுக்க முன்வருவார்கள். கடிதம் எழுத ஷெல்டர், சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இரண்டு தொண்டு அமைப்புகளிலும் இலவசமாக வழிசொல்வார்கள்.

செப்டம்பரில் கதிர் மான்செஸ்டர் போகிறான் என்று எழுதியிருந்தாயே, அவன் விஷயத்தில் முதல் நாளிலேயே வேலையை முடித்துவிடலாம். சாவி வாங்கிய அன்றே, பெட்டியைப் பிரிக்கும் முன், படம் எடுக்க வேண்டும். ஓவனின் உள்பக்கம், அடுப்புக்கு மேலிருக்கும் உறிஞ்சியின் வலை, வாஷிங் மெஷினின் ரப்பர் வளையமும் சோப்புத் தட்டும், மெத்தையின் இரண்டு பக்கம், குளியலறை சிலிக்கான் ஓரத்தில் கறுப்புப் பூஞ்சை, மீட்டர் எண்கள். ஏஜென்ட் தரும் இன்வென்டரியில் விட்டுப்போனதை எழுதி, படங்களோடு மெயிலில் திருப்பி அனுப்பிவிட வேண்டும். பல ஏஜென்டுகள் ஏழு நாள் கெடு வைப்பார்கள், அதைத் தாண்டினால் அவர்கள் எழுதியதே உண்மையாகிவிடும். சுவரில் ஈரம் பூத்தால் அன்றே படத்தோடு மெயில் போடட்டும். குளியலறை விசிறி ஓடவில்லை என்று நவம்பரில் எழுதிய மெயில் ஒன்று இருந்தால், ஜன்னல் திறக்காததால் பூஞ்சை வந்தது என்று ஜூலையில் அவன் தலையில் கட்ட முடியாது.

நம் சமையலுக்கென்று ஒரு எச்சரிக்கை. தாளிக்கும் எண்ணெய்ப் புகை உறிஞ்சியின் வலையில் பிசுக்காகப் படிந்து, ஒரு வருஷத்தில் தேன் மாதிரி சொட்டும். மாதம் ஒருமுறை கழற்றிச் சுடுநீரும் சோடா உப்பும் போட்டு ஊறவைத்தால் ஐந்து நிமிட வேலை, கடைசி வாரம் தேய்த்தால் போகாது. வெள்ளை மேடையில் மஞ்சள்தூள் சிந்தினால் உடனே துடைக்க வேண்டும், ராத்திரி விட்டால் கறை நிலைத்துவிடும்.

கடைசி மாத வாடகையை டெபாசிட்டில் கழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும் யோசனையை நண்பர்கள் சொல்வார்கள், கதிர் அதற்குக் காதுகொடுக்கக்கூடாது. அது வாடகை பாக்கி ஆகும், இத்தனை ஆதாரமும் வீணாகிவிடும்.

இன்னொன்று. தமிழ்க் குடும்பம் ஒன்று தன் வீட்டிலேயே ஒரு அறை தருகிறது என்றால், சாப்பாட்டுக்கும் துணைக்கும் நல்லதுதான், ஆனால் வீட்டுக்காரர் அதே வீட்டில் வசித்தால் மேலே சொன்ன பதிவுச் சட்டம் பொருந்தாது. பல்கலைக்கழக விடுதிக்கும் பொருந்தாது. அந்த இடத்தில் டெபாசிட்டைக் கையில் பணமாகக் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்பி, “டெபாசிட்” என்று குறிப்பு எழுத வேண்டும், எப்போது திருப்பித் தருவார் என்பதை வாட்சாப்பிலாவது எழுதி வாங்க வேண்டும். தகராறு வந்தால் சிறு தொகைகளுக்கான நீதிமன்ற வழக்குத்தான் (ஸ்மால் கிளெய்ம்) வழி, அதை இணையத்தில் தொடுக்கலாம். ஸ்காட்லாந்துக்கு மாறினால் அங்கே சட்டமே வேறு, பதிவுக்கு 30 வேலை நாள், டெபாசிட் இரண்டு மாத வாடகை வரை. பதியாததற்கு அபராதம் கேட்க ஒப்பந்தம் முடிந்து மூன்று மாதம்தான் அவகாசம்.

கயலை ஒப்பந்தம், இன்வென்டரி, ஏஜென்டின் பட்டியல் மூன்றையும் எனக்கு அனுப்பச் சொல். அவள் எழுதும் மெயிலையும் அனுப்புமுன் ஒருதரம் பார்க்கிறேன். காலி செய்த தேதியிலிருந்து பத்தாவது வாரம் எந்த நாள் என்று எண்ணி, உன் வீட்டுக் காலண்டரிலும் வட்டம் போட்டு வை. அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சுந்தரம்